எரியத்தான் செய்யும்

முழங்கைக்குக் கீழே, மிளகாய் அரைத்த கையால் யாரோ உள்ளிருந்து தடவிக்கொடுப்பது போல இருந்தது. தோலுக்கு மேலே இல்லை, உள்ளே, நரம்புக்குள். தவமணி கண்ணைத் திறக்காமலே அந்த எரிச்சல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அளந்து பார்த்தாள். ஊசி குத்திய இடத்தில் தொடங்கி முழங்கை மடிப்பு வரைக்கும் ஒரு கம்பியாக நீண்டு போகிறது. கம்பியாக நீண்டால் நல்லது, நரம்பு வழியாகத்தான் மருந்து போகிறது என்று அர்த்தம். ஓரிடத்தில் குளமாகத் தேங்கினால்தான் கெட்டது. இது கம்பியா, குளமா? கம்பிதான். கம்பி மாதிரிதான் இருக்கிறது. கண்ணைத் திறந்தாள். மேலே கூரையில் பழைய நீர்க்கசிவு ஒன்று ஆமையின் உருவத்தில் காய்ந்து கிடந்தது. இருபத்தாறு வருஷமாக இந்தப் பெண்கள் வார்டில் நடந்தவளுக்கு இதன் கூரை இன்றைக்குத்தான் தெரிகிறது. நடக்கிறவர்களுக்குக் கூரை எதற்கு? அது மல்லாந்து கிடக்கிறவர்களுக்கு. மூன்றாம் கட்டிலில் நர்ஸ் தவமணி மல்லாந்து கிடக்கிறாள், மணி இரண்டேகால், வியாழக்கிழமை, கம்பியில் அரை லிட்டர் பாட்டில் தொங்குகிறது, அதில் ஒரு ஆம்பியூல் பொட்டாசியம் கலந்திருக்கிறது, நாலு மணி நேரம் ஓட வேண்டும். ஓடத் தொடங்கி இருபது நிமிஷம்தான் ஆகிறது. இன்னும் மூணு மணி நாற்பது நிமிஷம் இப்படியே எரியுமா?

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரின் புதுவீட்டுப் பால்காய்ப்பில் தின்ற தேங்காய்ச் சட்னிதான். வாயில் வைத்தபோதே லேசாகப் புளித்தது. புளித்ததைத் தட்டில் ஒதுக்கினால் நாத்தனார் முகம் சுருங்குமே என்று இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள். அந்தச் சின்ன மரியாதைக்கு மூன்று நாள். திங்கள் காலையில் ஆரம்பித்தது, செவ்வாய்க்கிழமை எத்தனை தடவை போனோம் என்பதே மறந்துவிட்டது, குடித்ததெல்லாம் வெறும் தண்ணீர். அலமாரியில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நாலைந்து கிடந்தது. ஒன்றைக் கிழித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கலக்க எத்தனை நேரம் ஆகும்? இதே வார்டில் எத்தனை தாய்மாரிடம் அந்தப் பொட்டலத்தை ஆட்டி ஆட்டிக் காட்டியிருப்பாள், போறது வெறும் தண்ணி இல்லம்மா, உப்பும் சேர்ந்து போகுது, உப்பைத் திருப்பிக் கொடுக்கணும் என்று. தனக்கு வந்தபோது எழுந்து போய் எடுக்கச் சோம்பல். சோம்பல்கூட இல்லை, எனக்கென்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. இன்று காலை குளியலறையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் நனைந்த சாக்காகக் கிடந்தன. எழுந்திரு என்று சொன்னால் அவை கேட்கவில்லை. கெண்டைக்கால் சதை தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் இரண்டு புள்ளி நாலு, சோடியம் நூற்றி இருபத்தாறு. "நீங்களே இப்படிப் பண்ணலாமா சிஸ்டர்?" என்று கேட்டார் டியூட்டி டாக்டர், அவருக்கு அவள் மகன் வயதுகூட இருக்காது. இரண்டு புள்ளி நாலு. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெரிந்ததால் நெஞ்சுக்குள் ஒவ்வொரு துடிப்பையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். டப், டப், டப், அப்புறம் ஒரு காலி இடம். மாடிப்படியில் இல்லாத ஒரு படியை மிதித்த மாதிரி. பிறகு மறுபடியும் டப். அந்தக் காலி இடத்தில் நின்றுவிட்டால்? நிற்காது. நின்றவர்களைப் பார்த்திருக்கிறாளே.

தனசிங் வந்தார். அவள் புருஷன், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர், எங்கே நுழைந்தாலும் இன்னும் இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசுகிற குரல். "இந்தா, எளநி. மூணு வெட்டி பிளாஸ்க்ல ஊத்திட்டு வந்துருக்கேன். வழுக்கைய விட்டுட்டேன், அது ஒனக்கு இப்ப செமிக்காது, என்ன?" என்றார். அவள் தலையாட்டினாள். பிளாஸ்க் மூடியில் ஊற்றி வாயருகே பிடித்தார். இனிப்பும் உவர்ப்புமாகத் தொண்டையில் இறங்கியது. ஒரு வாய், இரண்டு வாய், மூன்றாவது குமட்டியது. "மெதுவாக் குடி. வாழப்பழமும் வாங்கியாந்தேன். வாழப்பழத்துல அது இருக்காம்லா, என்னது, பொட்டாசு?" "பொட்டாசியம்." "அதான். அப்ப என்னத்துக்கு இந்த ஊசி? நாலு பழத்தத் தின்னாப் பத்தாதா?" இத்தனை குறைந்தபிறகு பழம் மட்டும் போதாது, வயிறும் ஏற்காது என்று சொல்ல வாயெடுத்தாள். பேசினால் மூச்சு வாங்கியது. அவர் ஊசி போட்டிருந்த கையைப் பார்த்தார். "வலிக்கா?" "எரியுது." "எரியட்டும், மருந்துன்னா அப்படித்தான். ஒனக்கு ஒண்ணும் வராது, பாத்துக்கோ. எத்தன பேருக்கு மருந்து ஏத்துன கை! அந்தப் புண்ணியமெல்லாம் எங்க போவும்?" அப்படிச் சொல்லி அந்தக் கையின் விரல்களை வாஞ்சையோடு தடவினார். அவளுக்கு அந்தக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஊசி இருக்கிறதே என்று கொடுத்துக்கொண்டு கிடந்தாள். புண்ணியம். ஒரே வீட்டில் ஒரே பானையில் சோறு தின்கிற மனுஷனுக்கு, பதினொரு வருஷத்துக்கு முன்னால் இந்த வார்டில் நடந்த அந்தச் சமாசாரம் தெரியாது. சொன்னால் என்ன சொல்வார்? போட்டும், விடு, வேணும்னேயா செஞ்ச என்பார். அதைக் கேட்கப் பயந்துதான் சொல்லவில்லை. அவர் மன்னித்துவிடுவாரே என்று பயந்துதான். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று வாட்ச்மேன் வந்து சொன்னதும் பிளாஸ்க்கைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, அஞ்சு மணிக்கு வருதேன் என்று போனார்.

எரிச்சல் கூடியிருந்தது. கம்பியா, குளமா? இடது கையை நீட்டி ஊசியைச் சுற்றித் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வீங்கியிருந்தால், தோல் சில்லென்று இருந்தால், ஊசி நரம்பை விட்டு விலகிவிட்டது, மருந்து சதைக்குள் இறங்குகிறது. தொட ஒரு நொடி போதும். தொடவில்லை. கூப்பிடலாமா? தலைமாட்டில் மணி இருக்கிறது, அமுக்கினால் டியூட்டி நர்ஸ் சுபிதா வருவாள். அந்தப் பெண்ணுக்கு இருபத்துநாலு வயசு, இந்த ஷிப்டில் முப்பது கட்டில் அவள் தலையில். ஏழாம் கட்டில் கிழவி ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள் என்று அரைமணி முன்னால்தான் ஓடினாள். சும்மாச் சும்மா மணியை அமுக்குகிற நோயாளிகளுக்குத் தவமணிதான் ஒரு பெயர் வைத்திருந்தாள், கோயில் பூசாரி என்று. எட்டாம் நம்பர் பூசாரி இன்னைக்கு எத்தன தடவ அடிச்சா என்று நர்ஸுகள் எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். சுபிதா அந்தச் சிரிப்பை இவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டாள். இப்போது இவள் மணி அடித்தால் அங்கே மேசையருகே என்ன பேசுவார்கள்? இருபத்தாறு வருஷ சர்வீஸ், கொஞ்சம் எரிஞ்சதுக்கு மணி அடிக்காவ. இல்லை, இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம். பத்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும்? என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? பத்து நிமிஷம், இன்னொரு பத்து நிமிஷம், அப்படித்தானே அன்றைக்கும்.

சண்முகவடிவு. முக்கூடல்காரி, பீடி சுற்றுகிறவள், அப்போது நாற்பது வயசிருக்கும். அவளுக்கும் இதே சீக்குதான், வாந்தியும் பேதியும், பொட்டாசியம் இறங்கிக் கால் விழுந்துபோய் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதே மருந்து, இதே மதிய நேரம். "சிஸ்டர், கை எரியுது சிஸ்டர்," என்றாள். "எரியத்தான் செய்யும். பொறுத்துக்கிடணும்," என்றாள் தவமணி. பொய்யில்லை, எரியத்தான் செய்யும், எல்லாருக்கும் எரியும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். அன்றைக்கு வேன் ஒன்று கவிழ்ந்து ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள், நடையெல்லாம் ரத்தம். போகிற போக்கில் தள்ளி நின்றே, "சொன்னேம்லா? கொஞ்சம் பொறு," என்றாள். மூன்றாம் தடவை, "ரொம்பக் காந்துது சிஸ்டர், ஒருக்காப் பாருங்களேன்" என்றபோது அவள் குரலில் அழுகை இருந்தது. தவமணி பார்க்கவில்லை. "ஒனக்கு மட்டுந்தான் எரியுதா? பெத்த பொம்பள, இதுக்கு அழுவுதியே," என்றாள். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி சிரித்தாள். அதுதான், அந்தச் சிரிப்புத்தான். அதற்குப் பிறகு சண்முகவடிவு கூப்பிடவில்லை. கூப்பிடாததை மருந்து நன்றாக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டாள் தவமணி. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பாட்டில் மாற்றப் போனபோது கை முழங்கை வரைக்கும் வீங்கி மினுமினுவென்று இருந்தது. சண்முகவடிவு உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், உதட்டில் பல் பதிந்த தடம். மறுநாள் தோல் கறுத்தது. நாலாம் நாள் அறுத்துச் சுத்தம் செய்தார்கள், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். வலது கை. நடுவிரலும் மோதிரவிரலும் அப்புறம் மடங்கவே இல்லை.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. தவறு எல்லார் கையிலும் நடக்கும், நோயாளிகள் நிறைய, ஆள் குறைவு, வேன் கவிழ்ந்த நாள், இப்படிச் சொல்லிச் சொல்லி ஒருமாதிரி அதைத் தாங்கிக்கொள்ளலாம். அதற்கு அடுத்ததுதான் தொண்டையில் நிற்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் நோட்ஸ் எழுத உட்கார்ந்தாள். பேனா மூடியைக் கழற்றி, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, பிறகு தெளிவான கையெழுத்தில் எழுதினாள்: அசைக்கக் கூடாது என்று பலமுறை அறிவுறுத்தியும் நோயாளி கையை அசைத்துக்கொண்டே இருந்ததால் ஊசி விலகிவிட்டது. எழுதும்போது கை நடுங்கவில்லை, அதுதான் இன்றைக்கும் ஆச்சரியம். பெரிய டாக்டர் படித்தார், நம்பினார், நம்ப விரும்பினார். விசாரணை, சஸ்பெண்டு என்று எதுவும் வரவில்லை. ஆறு மாசம் கழித்து வெளிநோயாளிகள் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று, "சிஸ்டர், நல்லாருக்கியளா?" என்றாள். சண்முகவடிவு. சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்த கையை வெளியே எடுத்துக் காட்டினாள். பீடி இலையைச் சுருட்டி முனை மடக்க இரண்டு விரலும் வளையவில்லை என்றும், இப்போது பள்ளிக்கூடத்தில் பாத்திரம் கழுவப் போவதாகவும் சொன்னாள். இத்தோடு நிறுத்தியிருக்கலாம் அவள். "என் மேலதான் சிஸ்டர் தப்பு. நாந்தான் கைய ஆட்டிட்டேம் போலுக்கு. எனக்கே தெரியல. பெரிய டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஒங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துருப்பேன்." தவமணி என்ன சொன்னாள்? ஞாபகமில்லை என்று வெகுகாலம் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாபகம் இருக்கிறது. "பரவால்ல, இனிமே கவனமா இரு," என்றாள்.

இனிமே கவனமா இரு. இப்போது எரிகிறது, நன்றாக எரிகிறது, எரியட்டும். பொறுத்துக்கொண்டு கிடந்தால் என்ன? ஊசி விலகியிருந்தால் விலகியிருக்கட்டும், இந்தக் கையும் கறுக்கட்டும், இரண்டு விரல் இதிலும் போகட்டும். இந்த நினைப்பு வந்ததும் மனதுக்குள் ஏதோ இதமாக இளகியது, கண்ணில் நீர்கூட முட்டியது. உடனே அந்தக் கண்ணீரைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. என்ன நாடகம் இது? இவள் கை கறுத்தால் முக்கூடலில் அந்தக் கை மடங்குமா? சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தப்பிக்கக் கையைக் கொடுக்கப் பார்க்கிறாள், சொல்வதைவிட அது மலிவு. நெஞ்சில் மறுபடியும் அந்தக் காலி இடம் வந்தது. டப். டப். காலி. அந்த நொடியில் புண்ணியம், பாவம் எல்லாம் ஓடிவிட்டது, மிஞ்சியது உயிர் ஆசை மட்டும். மணியை அமுக்கினாள். ஒருமுறை, யாரும் வரவில்லை. இரண்டாம் முறை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சுபிதா ஓடி வந்தாள். "என்னக்கா செய்யுது?" என்றாள். "கை எரியுது. ஒருக்காப் பாரு." சுபிதா சிரிக்கவில்லை, எதுவும் சொல்லவில்லை, குனிந்து ஊசியைச் சுற்றிலும் மூன்று விரலால் மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். இரண்டு கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். பாட்டிலைக் கம்பியிலிருந்து கழற்றிக் கட்டிலுக்குக் கீழே இறக்கிப் பிடித்தாள். குழாயில் சிவப்பாக ரத்தம் திரும்பி வந்தது. "வீக்கம் இல்லக்கா. ரத்தம் திரும்புது பாருங்க. நரம்புலதான் போகுது, கரெக்டாத்தான் இருக்கு. கொஞ்சம் மெதுவா விடுதேன்," என்று குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டிச் சொட்டுகளைக் குறைத்தாள். சரியாகத்தான் போகிறது. அப்படியென்றால் இதுதான் சரியான எரிச்சல். எல்லாருக்கும் எரியும் என்று இருபத்தாறு வருஷமாகச் சொன்னாளே, அது இவ்வளவா? சரியானதே இவ்வளவு என்றால் அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? ஒன்றரை மணி நேரம், உதட்டைக் கடித்துக்கொண்டு. சுபிதா பிளாஸ்திரியை ஒட்டிச் சரிசெய்தபடியே பேசிக்கொண்டிருந்தாள், குழந்தையைத் தாஜா செய்கிற தொனியில்: "கைய மட்டும் ஆட்டாம வச்சுக்கிடுங்க. ஒங்களுக்குத் தெரியாததா? முன்னால நம்ம வார்டுல ஒரு பீடிக்கார அம்மா இருந்தாவளாம்லா, சொன்னாக் கேக்காம கைய ஆட்டி ஆட்டி விரலே போச்சாம். டிரெய்னிங்ல மொத நாளே சொல்லிக் குடுத்தாவ. நான் எல்லாப் பேஷண்ட்கிட்டயும் அதத்தான் சொல்லுவேன்."

"அவ ஆட்டல," என்றாள் தவமணி.

"யாருக்கா?"

"அந்தப் பொம்பள. பேரு சண்முகவடிவு. அவ கைய ஆட்டவே இல்ல. மூணு தடவ கூப்பிட்டா, நான் போய்ப் பாக்கல. ஆட்டினான்னு நாந்தான் எழுதினேன்."

சொல்லிவிட்டாள். பதினொரு வருஷம் சுமந்தது, வாயைவிட்டு வர அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சுபிதாவின் விரல் பிளாஸ்திரி மேல் அப்படியே நின்றது. அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது என்பதைக் கண்ணிலேயே பார்த்தாள் தவமணி, விளங்கியதும் அந்தக் கண்கள் சட்டென்று பாட்டிலுக்குப் போனதையும் பார்த்தாள். "சரிக்கா. நீங்க இப்ப ஒண்ணும் பேச வேண்டாம். ஒங்களுக்கு சோடியம் கொறஞ்சிருக்குல்லா, அதான் என்னமோ பேச வருது. கண்ண மூடிப் படுங்க," என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினாள். பிறகு போனை எடுத்து யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினாள். சோடியம். அதற்கும் ஒரு நோய்ப் பெயர் கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரி. யாரிடம் படித்தவள்!

டியூட்டி டாக்டர் கால்மணி நேரத்தில் வந்தார். நாடி பிடித்துப் பார்த்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார். "சிஸ்டர், இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"பெண்கள் வார்டு. மூணாம் கட்டில்."

"நூறுல இருந்து ஏழு ஏழாக் குறைச்சுச் சொல்லுங்க பாப்போம்."

"தொண்ணூத்தி மூணு, எண்பத்தி ஆறு, எழுபத்தி ஒம்பது, எழுபத்தி ரெண்டு, அறுபத்தஞ்சு."

"போதும், போதும்." அவர் சுபிதா பக்கம் திரும்பினார். "தெளிவாத்தானே இருக்காங்க? சம்பந்தமில்லாமப் பேசுறாங்கன்னு எழுதியிருக்க?"

கட்டிலின் கால்மாட்டில் நோட்ஸைப் பிடித்தபடி சுபிதா நின்றிருந்தாள். அவள் கட்டைவிரல் அட்டையை அழுத்தியதில் நகம் வெளுத்திருந்தது. "அப்பப் பேசினாங்க சார். தூக்கக் கலக்கமா இருக்கும்," என்றாள், டாக்டரைப் பார்க்காமல் தவமணியைப் பார்த்துக்கொண்டு. அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. வேண்டாம்க்கா. அதை விசாரிப்பார்கள், இப்படி எழுதியதற்கு என்னையும் கேட்பார்கள், வேண்டாம்க்கா. டாக்டர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "எதுக்கும் சாயங்காலம் ரத்தம் எடுத்து சோடியமும் பொட்டாசியமும் திரும்பப் பாத்துருவோம். வேற ஏதாவது சொல்லணுமா சிஸ்டர்?"

கேட்டுவிட்டு நின்றார். அவசரமில்லாத மனுஷன். பக்கத்துக் கட்டில்காரியும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். முதல் வார்த்தை 'அவ' என்றுதான் தொடங்க வேண்டும், அது தயாராக இருந்தது, உதடு அதற்கென்று விரிந்தும்விட்டது. ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு தனசிங் வருவார். வார்டு முழுக்க இவளை அக்கா என்று கூப்பிடுகிறது.

"கஞ்சி எப்பம் குடிக்கலாம் சார்?" என்று கேட்டாள் தவமணி.

"இப்பவே குடிக்கலாமே. உப்புக் கொஞ்சம் தூக்கலாப் போட்டுக் குடிங்க. கூட ஒரு வாழைப்பழமும் சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். சுபிதா விட்ட மூச்சு தவமணிக்குக் கேட்டது. சுபிதா குனிந்து, விலகிக்கிடந்த போர்வையை இழுத்து இவள் பாதத்தை மூடி, ஓரத்தை மெத்தைக்குள் செருகி, நிமிர்ந்து இவளைப் பார்த்துச் சிரித்தாள், சொந்தக்காரியைப் பார்த்துச் சிரிப்பது போல. தவமணியும் சிரித்தாள்.